ரயிலில் போட்ட கூச்சல்

எங்கள் கடற்கரைப் பூங்காவில் குட்டி ரயில் ஒன்று ஓடுகிறது. போன கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மகன் என்னை அங்கே கூட்டிப்போனான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதில்லை. நான் கடலுக்குப் போவதை விட்டே எட்டு வருடம் ஆகிறது, அது வேறு.

பக்கத்தில் மகன், எனக்கு முன் இருக்கையில் மருமகளும் நாலு வயதுப் பேத்தியும். இவர்கள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. நாசரேத்துப் பெண், வேறு சபை, நம் கோயிலில் தாலி கட்டவில்லை என்று திரேஸ்புரத்தில் என் வீட்டிலேயே இருந்துகொண்டேன். அன்றைக்குப் பாறை மீன் வாங்கினேன். நல்ல மீன். ஆக்க மனசில்லாமல் பூனைக்குப் போட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசியதில்லை. ரயிலில் ஏறியபோதும் அப்படித்தான், "ஒங்க அப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்று என் காதுபடவே மகனிடம் சொன்னாள். இப்படியே போனால் பேத்திக்கும் நான் யாரோதான் என்று பயமாக இருந்தது.

ரயில் கிளம்பியது. வளைவில் பெட்டி கடல் பக்கமாகச் சரிந்தது. பாய் கட்டிய வள்ளம் காற்றில் சரிந்தால் ஆட்கள் எல்லாம் மறுபக்கம் பாய்ந்துவிட வேண்டும். நாற்பது வருடப் பழக்கம், யோசிக்கவே இல்லை.

"எல்லாரும் கரப்பக்கம் வாங்கலே!" என்று கத்திவிட்டேன்.

"அண்ணாச்சி, இது வள்ளமில்ல, கவுறாது!" என்றார் பின்னால் ஒருவர். பெட்டியே சிரித்தது.

"எப்பா, சும்மா இரிங்க" என்றான் மகன். அவனுக்கு மானம் போய்விட்டது.

முன்னால் பார்த்தேன். மருமகள் பிள்ளையை அணைத்துக்கொண்டு கரைப் பக்கக் கம்பியோடு ஒட்டியிருந்தாள். மெதுவாகத் திரும்பினாள்.

"மாமா, இவ்வளவு சாஞ்சா போதுமா?"

மாமா என்றாள்.

"போதும்மா."

"நெசமாவே கவுறுதுன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். பேத்தி இன்னொரு தடவை கத்தச் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்மா" என்றேன்.

"வந்திருந்தா கொழம்புல உப்பில்லன்னு சண்ட போட்டிருப்பீங்க. வார ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் நம்ம வீட்டுக்கு வாங்க. மீன் நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க."

என்னைக் கேட்பதற்கு அவளிடம் எத்தனையோ இருந்திருக்கும். ஒன்றையும் கேட்கவில்லை. என்ன மீன் வாங்கட்டும் என்று நான்தான் கேட்டேன்.