காது வைத்த கறி

வெயில் மண்டையைப் பிளக்கும் ஷார்ஜாவில், வேலைக்குப் போனதும் நான் செய்கிற முதல் காரியம் கம்பளிக் குல்லாய் போடுவது. அதற்கு மேல் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு. பெரிய கடையொன்றின் குளிர்க்கிடங்கில் இறைச்சிப் பெட்டிகளை இறக்குகிறேன்; பிறகு இயந்திரத்தில் கொடுத்துத் துண்டு போடுகிறேன். பெட்டி கைதவறி விழுந்தால் விறகுக்கட்டு விழுந்த சத்தம் கேட்கும். கறி சத்தம் போடும் என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும். பெட்டியின் மேல் ‘இந்திய எருமை, எலும்பு நீக்கியது’ என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருக்கும். அடடா, நாமும் இதுவும் ஒரே தேசத்திலிருந்து ஏற்றுமதி ஆனவர்கள் என்று முதல் நாள் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை.

மேலப்பாளையத்தில் எங்கள் வாப்பாவுக்குக் கறிக்கடை. சுபுஹுத் தொழுகைக்கு முன் அறுத்தால் வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்ந்துவிடும். நேற்றைய கறி என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. தொடையிலிருந்து ஆவி போகும்போதே ஆட்கள் வந்து நிற்பார்கள். சூப்பு எலும்புக்கு இல்லாதப்பட்ட வீடுகள், குடல் கழுவி விற்க வாய்க்கால்கரைப் பெண்கள், தோலுக்கு ஓர் ஆள் என்று, ஒரு மாட்டை நம்பி ஒரு தெருவே அடுப்பு மூட்டியது. மற்ற கடைகளில் கறியைக் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். வாப்பா அப்படிச் செய்ய மாட்டார். கால்கறியை எலும்பிலிருந்து எடுக்கும்போதே நரம்பு முனையில் ஒரு கீறல் போட்டு, கொக்கியில் மாட்டச் சின்ன வளையம் விடுவார். அதற்கு எங்கள் வீட்டில் ‘காது’ என்று பெயர். எனக்கும் தம்பி காசிமுக்கும் கத்தியைப் பிடித்தால் கை தானாகக் காது வைத்துவிடும்.

தொண்ணூறுகளில் எங்கள் சந்தைக்கு ஏற்றுமதிக்காரர்களின் லாரிகள் வர ஆரம்பித்தன. சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்காரர்களுக்கு முதலில் ஒரே சந்தோஷம். கறவை வற்றிய எருமைக்கும் நல்ல விலை கிடைத்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அடுத்த நடவுக்கு உழ ஒரு சோடி வாங்கப் போனபோது அதே விலை அவர்களையும் அறைந்தது. வாப்பாவுக்கு வருஷக்கணக்காக மாடு பிடித்துக் கொடுத்த தரகர் சுடலை அண்ணாச்சி ஒருநாள் கையை விரித்தார்.

“பாய், லாரிக்காரன் மொத்தமாப் புடிச்சிட்டுப் போயிருதான். நீரு ஒத்த மாடு கேக்கீரு. நான் என்னத்தச் செய்ய?”

“உம்மள நம்பித்தான வே இம்புட்டு நாளும் கடை தெறந்தேன்?”

“நானும் பிள்ளைகுட்டிக்காரன்லா பாய்,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடை வாரத்தில் இரண்டு நாள் என்றாகி, பிறகு பூட்டியே கிடந்தது. வாய்க்கால்கரைப் பெண்கள் பீடி சுற்றப் போனார்கள். மாடு போன வழியிலேயே நாங்களும் போனோம். வடக்கே ஓர் ஏற்றுமதி ஆலையில் காசிம் கத்தி பிடிக்கப் போனான். முழு மாட்டையும் தனியாளாகப் பிரிக்கத் தெரிந்தவனுக்கு அங்கே கால்கறி மட்டும்தான். நாள் முழுக்க அதே வெட்டு, அதே குளிர். “வெரலு இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்கு காக்கா,” என்று நான் விமானம் ஏறுமுன் போனில் சொன்னான். அண்ணனை எங்களில் காக்கா என்போம்.

இங்கே வந்த சில மாதங்களில், காசிமின் ஆலைப் பெயர் போட்ட ஒரு பெட்டியைப் பிரித்தேன். பிளாஸ்டிக் உறைக்குள், கல்லாக உறைந்த கால்கறியின் முனையில் காது இருந்தது. வெட்டிய கறியை நேரே பெட்டியில் அடைக்கிற ஆலையில் வேறு எவன் இதை வைப்பான்? எகிப்துக்காரரான மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, கறியைக் காட்டி, நெஞ்சைத் தட்டி, “அகூயி, அகூயி” என்றேன். என் தம்பி என்று அர்த்தம். அவர் கறியையும் என் ஈரக் கண்ணையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தோளில் கைவைத்து, “அல்லாஹ் யர்ஹமுஹு” என்றார். செத்தவர்களுக்குச் சொல்வது. நான் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தேன். அவருக்கு இன்னும் பாவமாகிவிட்டது.

அதன் பிறகு அந்த ஆலைப் பெட்டி வந்தாலே காதைத்தான் தேடுவேன். காது இருந்தால் காசிம் நன்றாக இருக்கிறான். போன் செய்தால் உம்மாவும், “நல்லாத்தான் இருக்கான்,” என்பாள். குரல் கம்மியது, லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹஜ் பெருநாள் கழிந்து, பக்கத்துத் தெரு ஜமால் காக்கா ஊரிலிருந்து வந்தார். உம்மா கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டியைத் தந்துவிட்டு, “காசிம் கைக்கு இப்பம் தேவல” என்றார்.

“கைக்கு என்ன?”

“ஒனக்குத் தெரியாதால? நோம்புக்கு முந்தியே ஊருக்கு வந்துட்டான்லா. மெஷின்ல வலது கையி மூணு வெரலு போச்சி. கேக்கப் போனா, அவன் எங்க ஆளே இல்ல, கான்ட்ராக்ட்காரன் ஆளுன்னு ஆலையில சொல்லிட்டானுவ. கான்ட்ராக்ட்காரன ஆளையே காணும்.”

“இருக்காது காக்கா. நேத்துதான் அவன் வெட்டின கறியப் பாத்தேன்.”

எகிப்துக்காரர் பார்த்த மாதிரியே அவரும் என்னைப் பார்த்தார்.

மறுநாள் பெட்டியின் பக்கவாட்டைப் படித்தேன். அறுத்த மாதம் அங்கே அச்சாகியிருந்தது, நோன்புக்கு வெகு முன்னால். அதுவரை நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. கறிக்குத் தேதி உண்டு என்று கறிக்கடைக்காரன் பிள்ளைக்குத் தோன்றுமா? எங்கள் கறியெல்லாம் அன்று காலை வரை உயிரோடு நின்றது. காது வந்தால் கையும் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். கை போன பிறகும் அது வெட்டிய கறி கெடாமல் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஏற்றுமதி வளர்கிறது என்று ஊர்ப் பேப்பரில் பெருமையாகப் போடுகிறார்கள்.

காது வைத்த கறி குறைந்துகொண்டே வந்தது. இப்போது அந்த ஆலைப் பெட்டிகளில் முனைகள் வழுவழுவென்று இருக்கின்றன. யாரோ புதுப் பையன், சொன்னபடி வெட்டுகிறான். கடைசியாகக் கிடைத்த காதுக்கறியை நான் இயந்திரத்தில் கொடுக்கவில்லை. கிடங்குக்குள் என் கோட்டு மாட்டும் கொக்கியில், வாப்பா கடையில் மாட்டுவது போலவே மாட்டினேன். எகிப்துக்காரர் பார்த்தார், அடுத்த பெட்டியை என் பக்கம் தள்ளினார். வேலை முடிந்து கோட்டைக் கழற்றியபோது மாட்ட இடமில்லை. ஊரில் தம்பி இடது கையால் சோறு பிசைந்து பழகுகிறானாம். அவனுடைய வலது கை இங்கே என் கொக்கியில் தொங்குகிறது. கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.