அக்கா கன்னத்தில் என் கை

நான் இருக்கும் ஔலு நகரத்தில் மார்ச் மாதம் வெயில் வந்தால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பின்லாந்தின் வடக்கே, கடலே உறைந்து கிடக்கும் ஊர் இது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பின்னால் தெற்குப் பார்த்த ஒரு செங்கல் சுவர் உண்டு. வந்த முதல் வருடம், கேரட் தோலைக் கொட்டப் போனவள், அந்தச் சுவரோரம் ஏழெட்டுப் பேர் வரிசையாகச் சாய்ந்து கண்ணை மூடி நிற்பதைப் பார்த்தேன். வாத்தியார், வாசல் கூட்டுகிறவர், என்னோடு சமைக்கும் பிர்யோ, எல்லோரும் அசையாமல் நின்றார்கள். வாயிலிருந்து ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ செத்துப்போய் மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள் என்று நினைத்து, வாளியைக் கீழே வைத்துவிட்டு நானும் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். பிர்யோ ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். என் தாடையை ஒரு விரலால் தூக்கி, வானத்தைக் காட்டி, "ஔரிங்கோ" என்றாள். சூரியன். அவ்வளவுதான் விஷயம். மாதக்கணக்காகக் கண்ணில் படாத வெயிலை மூஞ்சியில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மதுரைக்காரிக்கு இது எப்படி விளங்கும்? விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டு சிக்னலில் மத்தியானம் நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் வரும் பெண்கள் எல்லோரும் துப்பட்டாவைத் தலை, மூக்கு, வாய் என்று இறுக்கிச் சுற்றி, முழங்கை வரை உறை மாட்டி, கண் மட்டும் தெரிய இருப்பார்கள். யார் எவரென்று பெற்ற தாய்க்கே தெரியாது. வெயில் எங்களுக்குத் தப்பி ஓட வேண்டிய ஒன்று. இங்கே வந்து இத்தனை வருடத்தில் நானும் சுவரோரம் நிற்கப் பழகிவிட்டேன். போன வருடத்திலிருந்து வலது கையை மட்டும் கோட்டுப் பையிலிருந்து எடுப்பதில்லை. பிர்யோ ஏன் என்று கேட்டாள். குளிர் என்று சொல்லி வைத்தேன். உண்மையை உங்களிடம் சொல்கிறேன்.

இந்த ஊர்க் குளிர் முதலில் பிடித்தது என் மூஞ்சியைத்தான். கன்னம் வெடித்து, சிரித்தால் ரத்தம் வந்தது. கடைக்குப் போய் வாயில் நுழையாத பெயருள்ள கிரீம்களாக வாங்கினேன். ஒன்றைப் பூசிய மறுநாள் கண் இரண்டும் வீங்கி, என் கைப்பேசியே என் முகத்தைப் பார்த்துத் திறக்க மாட்டேன் என்றது. இன்னொன்று கழுத்தெல்லாம் தடிப்பு தடிப்பாகக் கிளப்பிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த கஸ்தூரி மஞ்சளைப் போட்டேன். பிறந்ததிலிருந்து பூசிய மஞ்சள், அதுவும் எரிந்தது. இந்த ஊருக்கும் ஆகாமல் அந்த ஊருக்கும் ஆகாமல் ஒரு தோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

கடைசியில், ஒரு நவம்பர் மாதம், சந்தைக் கூடத்தில் ஒரு வயதான அம்மாள் தானே தயாரித்து விற்ற எண்ணெய் கிடைத்தது. பெர்கமோட் என்ற நாரத்தை வகைப் பழத்தின் தோலைப் பிழிந்து கலந்தது. மூடியைத் திறந்ததும் எங்கள் வீட்டு நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடி மணத்தது, அதற்காகவே வாங்கினேன். காசைக் கொடுக்கும்போது அந்த அம்மாள் மேலே காட்டி, "இதைப் போட்டுக்கொண்டு வெயிலில் போய்விடாதே" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வெளியே சாயங்காலம் நாலு மணிதான், வானம் தார் மாதிரி இருட்டிக் கிடந்தது. வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று எண்ணிச் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். அந்த எண்ணெய் என் தோலுக்கு ஒத்துக்கொண்டது. கன்னம் ஆறியது.

போன வருடம் பிப்ரவரி கடைசியில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இரண்டு குப்பி வாங்கிக்கொண்டு போனேன். எனக்கு ஊர் என்றால் இப்போது விளாங்குடியில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா வீடுதான். அக்கா சமயநல்லூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அருள்ராஜ் மச்சான் அரசு அலுவலகத்தில் கிளார்க், தன் சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கிற மனுஷன். போன மூன்றாம் நாள் காலை, அக்கா அவசரமாகச் சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தாள். கன்னம் காய்ந்து சொரசொரப்பாக இருந்தது. "மூஞ்சியக் காட்டுக்கா" என்று உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றி, விரலெல்லாம் வழிய, அவள் இடது கன்னத்தில் அப்படியே வைத்து அழுத்தினேன்.

"ஏய் மெர்சி, எம்புட்டுடி ஊத்துவ, சேலையில வழியுது. சாயங்காலம் வந்து பாத்துக்கிறேன், விடு." தாடையில் வழிந்ததை மட்டும் துண்டால் ஒற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று பள்ளியில் விளையாட்டு விழா ஒத்திகை. காலை முழுக்க மைதானத்தில் நின்றிருக்கிறாள். நான் கையைக் கழுவிவிட்டு, விமானப் பயணக் களைப்பு தீராமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் அக்காவுக்குக் கன்னம் சுள்ளென்று எரிந்தது. வேர்க்குரு என்றாள். அதற்கடுத்த நாள் சிவந்து, இரண்டு இடத்தில் சின்னதாகக் கொப்புளம் கட்டியது. நாலாம் நாள் சிவப்பு இறங்கிப் பழுப்பு ஏற ஆரம்பித்தது. பீரோ கண்ணாடி முன்னால் அவள் தலை வாரும்போது பின்னாலிருந்து பார்த்தேன். மூக்கோரம் ஒரு கட்டைவிரல். காதை நோக்கி நாலு விரல். நடுவில் உள்ளங்கை. கண்ணாடிக்குள் அக்காவுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத யாரோ நின்று அவள் கன்னத்தைப் பிடித்திருப்பது போல இருந்தது. சின்ன வயதில் இரும்புக் கேட்டில் நசுங்கி என் மோதிர விரல் நுனி வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அந்தப் பழுப்பு விரலும் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

எண்ணெய்தான் காரணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வருடக்கணக்கில் நான் தினமும் ராத்திரி பூசும் எண்ணெய், எனக்கு ஒன்றும் செய்ததில்லை. அது என் கை என்பது மட்டும்தான் தெரிந்தது. தொட்டு நாலு நாள் கழித்து ஒரு கை எப்படி மேலே வரும்? தோசைக்கல்லில் நிறம் ஏறுகிற மாதிரி ஒவ்வொரு நாளும் கறுத்துக்கொண்டே வந்தது. அக்கா மத்தியானம் கண்ணயர்ந்தால், அந்தக் கை அவள் மூச்சோடு ஏறி இறங்கும். எனக்கு என் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. யாரையும் தொடாமல் இருந்தேன். சோறு பரிமாறக்கூட இடது கையால் கரண்டியைப் பிடித்து அக்காவிடம் திட்டு வாங்கினேன். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

நான் சும்மா இருந்தேன், ஊர் சும்மா இருக்கவில்லை. பள்ளியில் தலைமை ஆசிரியையான சிஸ்டர், அக்காவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "வீட்ல ஏதும் பிரச்சனையா டீச்சர்? எதுன்னாலும் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். நல்ல மனதோடுதான் கேட்டார். பால் ஊற்றுகிற பெண் கன்னத்தைப் பார்த்தாள், பிறகு உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்தாள், பாலை ஊற்றிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் பெஞ்சில் மச்சான் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எதிர்வீட்டு பிலோமினா அக்கா தினமும் "என்ன அண்ணே, ஆபீஸா?" என்று கேட்பவர், வாசலை விட்டு உள்ளே போய்விட்டார். எல்லோர் கண்ணுக்கும் அது ஒரு ஆம்பளைக் கையாகத்தான் தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் மச்சான் அரை நாள் லீவு போட்டு வந்தார். சாப்பாட்டைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"மெர்சி, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவியாம்மா? தூக்கத்துல நான் எதுவும் கை ஓங்கிட்டேனா? உனக்குச் சத்தம் கித்தம் கேட்டுச்சா?"

அவர் சோற்றுக் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடம் அக்காவோடு வாழ்ந்த மனுஷன், ஊர் பார்த்த பார்வையில் தன் கையையே சந்தேகப்பட்டுவிட்டார்.

"மச்சான், அது உங்க கை இல்ல. என் கை."

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். நான் எண்ணெய் வைத்த கதையை உளறி முடிக்கும் வரை கேட்டாள். "கையக் கொண்டா" என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். வளைந்த விரல் உட்பட அத்தனையும் பொருந்தியது.

பழங்காநத்தத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். பார்த்ததும் மச்சானை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அக்காவிடம், "அடிச்சாரா?" என்றுதான் முதலில் கேட்டார். குப்பியைக் காட்டினேன். மோந்து பார்த்துத் தலையாட்டினார். "எலுமிச்சை, நாரத்தை வகை எண்ணெய் தோல்ல இருக்கும்போது கடும் வெயில் பட்டா, பட்ட எடம் மட்டும் வெந்து கறுத்துரும். எந்த வடிவத்துல பூசுனீங்களோ அதே வடிவத்துல. ஆறு மாசமும் ஆகும், வருசமும் ஆகும், தானா போயிரும்." சந்தைக்கூடத்து அம்மாள் மேலே காட்டிய விரல் அப்போதுதான் என் கண் முன்னால் வந்தது. வெயிலில் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கே வெயில் என்று ஒன்று இருக்கிறது என்பதை எப்படி மறந்தேன்?

உண்மை கிடைத்துவிட்டது, அதை வாங்கத்தான் ஆளில்லை. அக்கா பள்ளியில் சொன்னாள், தெருவில் சொன்னாள். "எண்ணெயாம்ல" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடி வாங்கின பொம்பளை வேறென்ன சொல்லுவாள், பாவம் என்று இன்னும் பரிதாபப்பட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல மச்சான் பெயர்தான் கெட்டது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினார்.

நான் கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம் வந்தது. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கூடிச் செபிப்பது அது. சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். செபம் முடிந்ததும் அக்கா என்னை நடுக்கூடத்துக்கு இழுத்து, என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நல்லாப் பாருங்க. யாரு கைன்னு பாருங்க." எல்லோரும் எழுந்து கிட்டே வந்தார்கள். என் வளைந்த விரலையும் கன்னத்து விரலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிலோமினா அக்காதான் மெல்லக் கேட்டார். "அப்ப அடிச்சது அண்ணே இல்லையா? நீயா?"

அக்கா எண்ணெய்க் கதையைச் சொல்ல வாயெடுத்தாள். அதைத்தான் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அடுப்படி வாசலில் மச்சான் டீ டம்ளர் அடுக்கிய தட்டோடு நின்றிருந்தார், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல்.

"ஆமா," என்றேன். "நாந்தான். கோவத்துல கை நீண்டுருச்சு."

யாரும் என்ன கோபம் என்று கேட்கவில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிறவளுக்குக் கோபம் வரும் என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. பிலோமினா அக்கா எழுந்து போய், "நீங்க ஏன் அண்ணே தூக்கிட்டு நிக்கிறீங்க, இங்கிட்டுக் கொண்டாங்க" என்று தட்டை வாங்கினார். எல்லோரும் டீ குடித்தார்கள். எனக்கு மட்டும் ஒருவரும் டம்ளரை நகர்த்தவில்லை.

கூட்டம் கலைந்ததும் அக்கா என் மேல் பாய்ந்தாள். "ஏன்டி பொய் சொன்ன? நாளைக்கு நீ இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்க வேணாமா?"

"நான் எங்கக்கா நடக்கப் போறேன்? எட்டு நாள்ல போறேன்ல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது என்று உறைத்தது. அந்த ஊரில் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ள என்னால் முடிந்தது, ஏனென்றால் நான் போய்விடுவேன். மச்சானால் முடியாது.

திரும்பி வந்தபின் வாரா வாரம் கைப்பேசித் திரையில் அக்காவைப் பார்த்தேன். அவள் பேச்சைவிடக் கன்னத்தைத்தான் பார்ப்பேன். நான் இங்கே கையுறைக்குள் விரலை விட்டு, விளக்கு வெளிச்சத்தில் கேரட் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கை அங்கே காலையில் ஸ்கூட்டரில் சமயநல்லூர் போனது. பள்ளி மணி அடிக்கக் கேட்டது. மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற முகத்தோடு நின்றது. ஈஸ்டருக்குக் கோயிலுக்குப் போனது, மழையில் நனைந்தது, மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தது. யாராவது கேட்டால், "என் தங்கச்சி கை, அவ வெளிநாட்ல இருக்கா" என்று அக்கா சொல்லிப் பழகிவிட்டாளாம். அதைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

போன வாரம் அக்கா ஜன்னல் பக்கம் போய், கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். "நல்லாப் பாரு. ஒண்ணுமே தெரியலைல? சுத்தமாப் போயிருச்சுடி." அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. பின்னாலிருந்து மச்சானும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். மாதாவுக்கு நன்றி என்று நானும் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். பேசி வைத்த பிறகு என் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் விளாங்குடிக்குப் போக வேண்டுமென்றால் டிக்கெட் போட்டால்தான் உண்டு.