பெரியவர் முகத்தில் விழுந்த வெள்ளை வட்டம்

நேற்று இந்தக் குழுவில் ஒருவர் பழைய மடிப்பு கேமராவின் படம் போட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வழி தவறிப் போய்விடுவேன் என்ற பயத்தில் முதலிலேயே குறித்துக்கொள்கிறேன்:

1. என் கேமராவுக்குள் வெளிச்சம் எந்த வழியாகப் புகுந்தது.
2. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏன் மூன்று மாதம் ஆயிற்று.
3. ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நான்கு வருடமும் எனக்கு நண்பர் என்று ஒருவரும் இல்லை.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை... எழுபதுகள் என்றால் எனக்கு அதுதான்.

தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் மாடி அறை. சனிக்கிழமை மதியம் ஆபீஸ் விட்டால் திங்கட்கிழமை காலைவரை என் குரலை நானே கேட்கமாட்டேன். மற்றவர்களிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியாது. மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கிய மடிப்பு கேமராவைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து அறையில் ஏகாம்பரம். லேத் பட்டறையில் வேலை. ஒரகடம் பக்கத்துக் கிராமம். வடக்கே பிலாய் உருக்காலையில் வேலை கிடைத்துக் கிளம்புவதற்கு முதல் நாள் வந்து நின்றான்.

"சார், எங்க நைனாவ ஒரு போட்டோ புடிச்சிக் குடு சார். ஸ்டூடியோன்னா வரமாட்டேங்கறாரு. அவுரு படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல."

மறுநாள் காலை, மகனை வழியனுப்ப வந்த முனுசாமி மாடிக்கு வந்தார். கேமராவோடு வந்த கையேட்டில் உள்ளபடியே எல்லாம் செய்தேன். சூரியன் படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்... சரி. தூரத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும்... கேமராவை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு போய் மூன்று முறை அளந்தேன்.

"இன்னா சார், சொக்காய்க்கு அளவு எடுக்கறியா?" என்றார் முனுசாமி.

படம் கழுவி வந்தது. தோளில் துண்டு, சட்டைப் பொத்தான், பின்னால் கொடிக்கயிறு... எல்லாம் தெளிவு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம். ஏகாம்பரம் அதற்குள் பிலாய் போய்விட்டான்.

விதை வாங்க ஊருக்குள் வந்த பெரியவரிடம் காட்டினேன்.

"நாப்பது வருசமா வெயில்ல கறுத்த மூஞ்சி சார் இது. ஒரே நாள்ல வெளுத்துட்டியே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏகாம்பரம் கடிதத்துக்குக் கடிதம் படத்தைக் கேட்டான். இன்னும் கழுவவில்லை என்று பொய் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, துருத்தி போன்ற அந்தத் தோல் மடிப்புக்குள் டார்ச் பல்பை விட்டுப் பார்த்தேன். மடிப்பு முனைகளில் மூன்று ஊசித்துளைகள். அவற்றை ஒட்டக் கறுப்புத் துணி வேண்டும் என்றதும், அடுத்த சனிக்கிழமை வந்த முனுசாமி தன் குடையிலிருந்தே ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"மழ பேஞ்சா நனஞ்சிக்கினு போறேன். மொதல்ல எம் மூஞ்சியக் கண்டுபுடி."

பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டினேன். இரண்டாவது ரோல் போட்டு, அவரையே நிற்கவைத்து எடுத்தேன். மறுபடியும் அதே வட்டம்.

அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். லென்சை மூடி வைத்து, கேமராவின் ஒவ்வொரு பக்கத்தையும் பத்து நிமிஷம் வெயிலில் காட்டி, ஒவ்வொரு முறையும் ஃபிலிமைச் சுற்றிவிட்டேன். முதுகைக் காட்டிய படத்தில் மட்டும் வட்டம் விழுந்திருந்தது. ஃபிலிம் எண்ணைப் பார்ப்பதற்காக அங்கே ஒரு சிவப்புக் கண்ணாடி உண்டு. அதன் மூடி எப்போதோ விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. பழைய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வட்டத்துக்குள் மங்கலாக ஒரு 5, ஃபிலிமின் பின்தாளில் அச்சிட்டிருந்த எண். அத்தனை நாளும் அதை ஸ்டூடியோக்காரரின் பென்சில் கீறல் என்று நினைத்திருந்தேன்.

அவசரக்காரர் யாராவது அந்தக் கேமராவில் எடுத்திருந்தால் படம் பிழைத்திருக்கும். நான் டேப்போடு நடந்த நேரமெல்லாம், ஸ்டூல் மேலிருந்த கேமராவின் முதுகில் சூரியன் நேராக அடித்துக்கொண்டிருந்தது. என் கவனம்தான் படத்தைக் கெடுத்தது. அதனால்தான் மூன்று மாதம். என் கவனத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மிச்சமிருந்த குடைத்துணியில் அந்தக் கண்ணாடிக்கு ஒரு மூடி ஒட்டினேன். பஸ் ஏறி அவர் ஊருக்கே போய், பம்ப் செட் ரூம் சுவரோரம் நிற்கவைத்து எடுத்தேன்.

"இன்னும் அளவு மாறலியா சார்?" என்றார், நான் டேப்பை எடுத்ததும்.

இந்த முறை முகம் வந்தது. சுருக்கம் ஒன்று விடாமல்... சிரிப்போடு. பிலாய்க்கு அனுப்பினேன். "நைனா சிரித்து நான் பார்த்ததே இல்லை சார்" என்று ஏகாம்பரம் எழுதியிருந்தான்.

வேலை முடிந்தது. ஆனாலும் சனிக்கிழமைகளில் பெரியவர் மாடி ஏறி வந்துகொண்டுதான் இருந்தார்.

"கேமரா எப்டி கீது தம்பி?"

அப்போது 'சார்' போய் 'தம்பி' ஆகியிருந்தேன். நான் ஒழுங்காகப் பதில் சொல்வேன். ஒட்டு விடவில்லை, மூடி இறுக்கமாக இருக்கிறது, ஷட்டர் மட்டும் கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். டீ குடிப்பார். பஸ்ஸுக்குப் போய்விடுவார். எனக்கு மாற்றல் வரும்வரை இப்படியே நடந்தது.

இப்போது குன்றத்தூரில் இருக்கிறேன். போன மாதம் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும் ஒரகடம் சாலையில் போனபோது அந்த பம்ப் செட் எந்த மதில்சுவருக்குப் பின்னால் இருந்திருக்கும் என்று தேடினேன். தெரியவில்லை. கையில் இருக்கும் போனுக்குள் வெளிச்சம் கசிய வழியே இல்லை. தினமும் காலையில் ஒரு படம் எடுத்து நாற்பது பேருக்கு அனுப்புகிறேன். கட்டைவிரல் பொம்மைகள் வருகின்றன.

படம் கைக்கு வந்துவிட்ட பிறகு ஒருவர் எதற்காக வாராவாரம் மாடி ஏறி வந்து கேமராவை விசாரிக்க வேண்டும்? அன்று எனக்கு இது தோன்றவில்லை. நான் பதிலுக்கு ஒருநாள்கூட, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவரைக் கேட்டதில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் புரிகிறது. மேலே மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு.