மாவுக்கட்டுக்குள் மடங்கிய கை

பாபநாசத்துக்குப் பக்கம் எங்கள் குறுவை வயலைப் பார்க்கப் போகும்போது வாய்க்கால் வளைவில் ஸ்கூட்டி சறுக்கியது. வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்தது. மேற்கையிலிருந்து விரல் கணு வரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்கள். கணவர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் ஒற்றையாய் எப்படிச் சமாளிப்பாய் என்று தங்கை என்னைத் தஞ்சாவூரில் தன் மாடி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நல்ல மனசோடுதான் பார்த்துக்கொண்டாள். ஆனால் நாற்பத்தாறு வயதில் இன்னொருத்தி தலை பின்னிவிட, இன்னொருத்தி புடவைக் கொசுவம் செருகிவிட நிற்பது என்னால் ஆகவில்லை. குளிக்கும்போது கையை பாலித்தீன் பைக்குள் கட்டி, சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வேன். கட்டுக்குள் அரிக்கும், சொறிய முடியாது. மணிக்கட்டை ஒரே ஒரு தடவை மடக்கினால் போதும் என்று பைத்தியம் பிடித்தாற்போல் இருக்கும். வயலில் கதிர் வந்துவிட்டதா என்பதைக்கூட போனில் போட்டோ அனுப்பச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தங்கை மகள் பிசியோதெரபி மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். நாலாவது வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பெரியம்மா, என் ஆராய்ச்சிக்குக் கையில கட்டுப் போட்டவங்க வேணும். வர்றீங்களா? கண்ண மூடிக்கிட்டு சும்மா இருந்தா போதும்.”

“சும்மாதானே இருக்கேன். வர்றேன்.”

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, மணிக்கட்டின் மேற்புறத்தில் மட்டும் மாவுக்கட்டை ஜன்னல் மாதிரி வெட்டினார்கள். முறிவு தள்ளி இருந்ததால் அங்கே பயமில்லை என்றார்கள். நாலு வாரத்துக்குப் பிறகு அந்தத் தோலில் காற்றுப் பட்டதே பெரிய சுகமாக இருந்தது. தசையை எலும்போடு பிணைக்கும் நாண் அங்கே ஓடுகிறதாம். அதன்மேல் அதிர்கிற சின்னக் கருவி ஒன்றை வைத்தாள்.

“கை மடங்குற மாதிரி இருந்துச்சுன்னா, எவ்வளவு மடங்குதோ அவ்வளவு இடது கையால காட்டுங்க.”

கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் வெறும் குறுகுறுப்பு. பிறகு என் வலது கை மெதுவாக உள்ளங்கைப் பக்கம் மடங்க ஆரம்பித்தது. இடது கையும் கூடவே மடங்கியது. கண்ணைத் திறந்தேன். வலது கை வைத்த இடத்தில் வைத்தபடி நீட்டிக்கொண்டு கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது ஸ்கேன். அதே அதிர்வை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டுமாம். தலையைக் கூண்டு போன்ற ஒன்றுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் பஞ்சு திணித்தார்கள். கையை வாரால் கட்டினார்கள். இடது கையில் ஒரு ரப்பர் பந்து. முடியாவிட்டால் அதை அமுக்கச் சொன்னார்கள். குழாய்க்குள் போனதும் மூக்குக்கு நேர் மேலே சுவர். தடதடவென்று சத்தம்.

அதிர்வு தொடங்கியது. கை மடங்கியது. மடங்கிக்கொண்டே போனது. இதற்குமேல் கட்டு விடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நிற்கவில்லை. கட்டைத் துளைத்துக்கொண்டு மடங்குவது போலிருந்தது. எலும்பு மறுபடி முறியப் போகிறது என்று பயந்து நிறுத்தப் பார்த்தேன். அசையாத கையை எப்படி நிறுத்துவது? எழுந்திருக்க முடியாது, குனிந்து பார்க்கவும் முடியாது. பந்தை அமுக்கிவிட்டேன்.

வெளியே இழுத்தார்கள். கை நேராகத்தான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்வை. தங்கை மகளின் முகம் வாடியிருந்தது.

“பரவால்ல பெரியம்மா. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தது உண்மை. ஆனால் நாலு வாரத்தில் என் கை அசைந்த மாதிரி இருந்ததும் அந்தக் கொஞ்ச நேரம்தான். மூன்றாம் நாள் காலை காபி குடிக்கும்போது சொன்னேன்.

“இன்னொரு தடவ போறேன்.”

“நெசமாவா? பயமா இருக்குன்னீங்களே?”

“இருக்கு. இங்க உக்காந்திருக்கிறதும் அப்படித்தான் இருக்கு.”

இரண்டாம் முறை நான் எதையும் நிறுத்தப் பார்க்கவில்லை. கை எங்கே போகிறதோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். குழாய் அதே குழாய்தான், மூச்சு முட்டத்தான் செய்தது. முடியும் வரை பந்தைத் தொடவில்லை.

சில நாள் கழித்து லேப்டாப்பில் படத்தைக் காட்டினாள். மூளையின் இடது பக்கம் ஓரிடத்தில் ஆரஞ்சு நிறத் திட்டு.

“நீங்க நெசமா கைய ஆட்டினா வேலை செய்யிற இடம் பெரியம்மா இது.”

“கை ஆடலையே. அது தெரியாதா இதுக்கு?”

“நாண்லேருந்து சேதி வருதுல்ல, அத நம்பிடுது.”

மூளை மறக்கவில்லை, கட்டைப் பிரித்ததும் கை தானாக மடங்கிவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்ன ஆறு வாரம் முடிந்ததும் கட்டை அறுத்தார்கள். உள்ளே வெளிறிப்போய், செதில் செதிலாய், யாருடையதோ போல ஒரு கை. மடக்கினேன். ஒரு விரற்கடை அளவு அசைந்தது, அவ்வளவுதான். டாக்டர் முன்னாலேயே அழுதேன்.

அறுவடை மெஷின் வயலில் இறங்கிய அன்று நான் தங்கை வீட்டில் வெந்நீர் வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டு முழுதாக மடங்க நாலு மாதம் ஆயிற்று. தை மாதம் சம்பா அறுப்புக்கு ஸ்கூட்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

உள்ளங்கையை முழுசாக மேல்நோக்கித் திருப்ப மட்டும் இன்னும் வரவில்லை. கோயிலில் விபூதி வாங்கும்போது வலது கையை இடது கையால் கீழிருந்து திருப்பித் தாங்கிப் பிடிக்கிறேன். பக்தி அதிகம் என்று குருக்கள் எனக்கு இன்னொரு சிட்டிகை கூடப் போடுகிறார்.