சிறிதரன் அண்ணனும் கழுத்துப் பிடியும்

சிறிதரன் அண்ணன் யாரையும் லேசில் நம்புகிறவர் அல்ல. கிரான்பர்னில் அவர் வீட்டுக் கராஜுக்கு இரண்டு பூட்டு. உள்ளே துப்பாக்கிப் பெட்டிக்கு இன்னொன்று. அது சட்டம், சரி. ஆனால் பின்வளவில் எத்தனை கத்தரிக்காய் காய்த்திருக்கிறது என்றும் எண்ணி வைத்திருப்பார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் பறிப்பதாக ஒரு நினைப்பு. பஸ் ஓட்டும் மனிதர். சனிக்கிழமைகளில் ஐந்நூறு மீட்டர் இலக்குச் சுடுவதுதான் அவருடைய ஒரே ஆசை. அந்தத் துப்பாக்கிக் கிளப்பில் தமிழர் நாங்கள் இருவர்தான். நான் வாசுதேவன், ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன்.

கடையில் விற்கும் தோட்டாவையும் அவர் நம்பமாட்டார். சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, வெடிமருந்து நிரப்பி, புதுக் குண்டு செருகித் தானே செய்வார். அதில் அவர் உயிரை விடுவது கழுத்துப் பிடிக்காக. கோதின் கழுத்து குண்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதுதான் விஷயம். ஒன்று இறுகி ஒன்று தளர்ந்தால் குண்டுகள் ஒரே வேகத்தில் போகாது. இலக்கில் ஒன்று மேலே விழும், ஒன்று கீழே விழும். டை என்கிற இரும்பு அச்சில் விட்டுக் கழுத்தை இறுக்குவார். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு இறுக்கம் என்பது அவர் அளவு. பல வருஷமாக அது தவறியதில்லை.

மூன்று மாதமாகத் தவறியது. ஒரு பங்கு கூட்டினார், குறைத்தார், குண்டுகள் மேலும் கீழுமாகவே விழுந்தன. என் கெட்ட நேரம், நான் அவர் கராஜுக்குப் போய்வரத் தொடங்கியதும் அதே மூன்று மாதம்தான். போதாததற்கு, மாநிலப் போட்டிக்குப் போகும் கிளப் அணியில் மீதியிருந்தது ஓர் இடம். அதற்குப் போட்டி அவரும் நானும்.

ஒரு சனிக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் என்னை நிறுத்தினார்.

“வாசு, அண்டைக்கு நான் போன் கதைக்கப் போன நேரம் நீர் கராஜுக்குள்ள தனிய நிண்டனீர். கழுத்தை இறுக்கிற டையைத் தொட்டனீரோ?”

“நான் எதுக்குண்ணே தொடப்போறேன்?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்.”

அடுத்த வாரம் கிளப் கேப்டனிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். அடுத்தவன் தோட்டாவில் கை வைப்பது சின்னக் குற்றமில்லை. கிளப்பை விட்டு நீக்கினால் என் துப்பாக்கி லைசென்ஸும் போகும். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எத்தனை நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நேரில் கேட்டுவிடுவது என்று ஞாயிறு காலை போனேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி சந்திரவதனா அக்கா. “வாங்கோ தம்பி, அவர் குளிக்கிறார். என்ர கையெல்லாம் புளி” என்று குசினிக்குத் திரும்பினார். நானும் பின்னால் போனேன். சிங்கில் குத்துவிளக்கு. பக்கத்துச் சட்டியில், புளிக்கரைசலில், ஐம்பது அறுபது கோதுகள். அக்கா ஒவ்வொன்றின் கழுத்துக்குள்ளும் சின்ன பிரஷ்ஷை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இதையும் நீங்கதான் கழுவுறீங்களா அக்கா?”

“ஓம். அந்தக் கழுவிற மெஷின் பழுதாப் போய் மூண்டு மாசம். வேற ஆரிட்டயும் குடுக்கமாட்டார். பாருங்கோ, உள்ளுக்கும் கரி இல்லை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெஷின் விட்டுவைக்கும், உள்ளே படிந்திருக்கும் அந்த மெல்லிய கரிதான் குண்டை வழுக்கி இறங்கவிடுகிறது. புளி போட்டுத் தேய்த்த வெறும் பித்தளை குண்டைக் கவ்விக்கொள்ளும், அதுவும் ஒவ்வொன்று ஒவ்வொரு விதமாக.

குளித்துவிட்டு வந்த அண்ணனிடம் சொன்னேன். நம்பவில்லை. கராஜுக்கு இழுத்துப் போனேன். புளி படாத கோது ஒன்று, பட்டது ஒன்று, இரண்டுக்கும் ஒரே இறுக்கம். மருந்து இல்லாமல் குண்டை மட்டும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். முதலாவது சத்தமில்லாமல் இறங்கியது. இரண்டாவது திக்கி, நின்று, ஒரு வெட்டு வெட்டி இறங்கியது. இன்னும் நாலு செய்து பார்த்தார்.

பிறகு கராஜ் வாசலில் வந்து நின்ற அக்காவிடம் கேட்டார்.

“உள்ளுக்கும் உரஞ்சச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?”

கேள்வி அக்காவுக்கு, பார்வை என் மேல். அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

“முப்பது வருசமா நீங்கள் சந்தேகப்படாத ஆள் நான் ஒருத்திதான். இண்டைக்கு அதுவும் முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் என் முன்னாலேயே கேப்டனுக்குப் போன் போட்டார். பிழை தன்னுடையது, வாசு நல்லவன் என்று இரண்டு தரம் சொன்னார். என் கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டார். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

“அக்காகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே.”

அவர் சட்டிக் கோது ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆர் சொல்லிக் குடுத்ததெண்டு முதல்ல தெரியட்டும்” என்றார்.