ருசி போன நாக்கும் ஒரு வாணலி சாசேஜும்

டிப்போவில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். பஸ் ஓட்டும் நேரம் தவிர அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஓய்வறையில் மற்ற டிரைவர்கள் காலை நீட்டிச் சாய்ந்திருக்க, இவள் மட்டும் டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருப்பாள்.

"கொஞ்சம் உட்காரும்மா. உன்னைப் பாத்தா எங்களுக்குக் கால் வலிக்குது" என்பார் டைம் கீப்பர்.

அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்புக்கு முன்னால் கட்டிப்போட்ட மாதிரி நின்றாள். கால் நின்றதே தவிர மனசு நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டில் பார்ட்டி. கணக்கு டீச்சராக இருந்த நாத்தனார் அதே பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை ஆகிவிட்டார். கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், அக்கா மேல் உயிரையே வைத்திருப்பவர். "அக்காவுக்கு நம்ம வீட்லதான் பார்ட்டி. மத்ததெல்லாம் கடையில வாங்கிக்கலாம். நீ உன்னோட அந்த சாசேஜை மட்டும் பண்ணிடு" என்று அவர் சொன்ன நிமிஷமே இவள் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த சாசேஜுக்குச் சொந்தபந்தத்தில் பெரிய பேர். குழல் மாதிரி கறி அடைத்த சாசேஜை விரல் நீளத்துக்கு நறுக்கி, தோலில் கத்தியால் லேசாகக் கீறி, எண்ணெயில் முறுக வறுத்து எடுப்பாள். அதே வாணலியில் ஆப்ரிகாட் பழ ஜாம், கடுகு பேஸ்ட், தக்காளி சாஸ், கொஞ்சம் வினிகர், மிளகாய்த் தூள். எல்லாம் சேர்ந்து கரண்டியில் ஒட்டுகிற பதத்துக்கு வந்ததும் சாசேஜைப் போட்டுப் புரட்டுவாள். இனிப்பு முதலில் வந்து, உப்பு அதைத் துரத்தி, கடைசியில் காரம் நாக்கின் நுனியில் சுருக்கென்று நிற்கவேண்டும். இதற்கு அளவு கிடையாது. அளவெல்லாம் அவள் நாக்கில்தான் இருந்தது.

அந்த நாக்குதான் செத்துப்போயிருந்தது.

போன மாதம் வந்த காய்ச்சல் போகும்போது ருசியையும் வாசனையையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. காபி வெறும் சுடுதண்ணீர். ரொட்டி அட்டை. "தானா வரும், பொறுமையா இருங்க" என்றார் டாக்டர். பொறுமை என்பது அவள் வாங்கி வந்த வரத்திலேயே கிடையாது. கணவரிடமும் சொல்லவில்லை. அவர் வாயில் ரகசியம் தங்காது. அவரிடம் சொன்னால் ராத்திரிக்குள் நாத்தனாருக்குப் போய்விடும். நாத்தனாரோ தப்பு கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர். கல்யாணமான புதிதில் இவள் மடித்துவைத்த துணியைக்கூடப் பிரித்து மடித்தவர்.

ஆனால் அவளை உண்மையாகவே அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. நாலைந்து நாளுக்கு முன்னால் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது பின் சீட்டிலிருந்து ஒருவர், "டிரைவரம்மா, ஏதோ தீயற வாசனை வருதே!" என்று கத்தினார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓரம்கட்டிப் பார்த்தால் பின் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு புகை கிளம்பியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேறு பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றிவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தப் புகைதான்.

அதையே நினைத்துக்கொண்டு வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தவளைக் கணவரின் குரல் உலுக்கியது.

"ஏய், என்ன தீயுது? கூடம் வரைக்கும் நாறுதே!"

ஜாம் அடியில் பிடித்துக் கருகியிருந்தது. மூக்குக்கு நேராகத்தான் நடந்திருக்கிறது.

"அடுப்பு சரியில்லைங்க, தீ திடீர்னு தூக்குது" என்று பூசி மெழுகினாள். அவர் அடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, நாளைக்கு ஆளைக் கூப்பிடுகிறேன் என்று போய்விட்டார்.

வாணலியைத் தேய்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் ஞாபகத்தை நம்பிப் போட்டாள். ஒரு துண்டைக் கணவருக்கு நீட்டினாள்.

"பிரமாதம்!" என்றார் அவர்.

அவருக்கு எல்லாமே பிரமாதம்தான். ஒருதடவை டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்ததற்கும் இதே பிரமாதம்தான். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். மேல்வீட்டுத் தையல்காரம்மா நூலைக் கடித்துத் துப்பிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டார்.

"இனிப்பு கொஞ்சம் தூக்கலோ? இல்ல, இல்ல... சரியாத்தான் இருக்கு. நீ செஞ்சா சரியாத்தான இருக்கும்?"

இறங்கி வந்து கடுகு பேஸ்ட்டை இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். உறைத்துவிடுமோ என்று ஜாம். அது திகட்டுமோ என்று உப்பு. போட்டதையே மறுபடி போட்டோமா என்றும் சந்தேகம். குருடன் மாதிரி தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

நாத்தனார்தான். விருந்தாளிகளுக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்கு வந்து, பல்குத்தும் குச்சியில் ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டார். மெல்லும்போதே முகம் கோணியது.

"என்னம்மா இது? உப்புல ஊறப்போட்ட மிட்டாய் மாதிரி இருக்கு!"

எத்தனையோ வருஷமாக இந்த வாய்க்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டு வந்தவள்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கோபம் வரவில்லை.

"அண்ணி, உப்பு ரொம்ப அதிகமா, கொஞ்சமா? காரம் தெரியுதா? ஒழுங்கா சொல்லுங்க."

"ஏன், உனக்குத் தெரியலயா?"

"தெரியல. ஒண்ணுமே தெரியல அண்ணி." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "காய்ச்சலுக்கு அப்புறம் நாக்கும் மூக்கும் செத்துப்போச்சு."

நாத்தனார் சமையலறைக் கதவைச் சாத்தினார்.

"என் தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா எனக்கு எப்பவோ வந்திருக்கும்." கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். "எனக்குச் சமைக்க வராது. தப்பு கண்டுபிடிக்கத்தான் வரும்."

"இப்ப அதுதான் வேணும் அண்ணி."

சாசேஜை எல்லாம் வடித்துத் தனியே எடுத்துவைத்தார்கள். சாஸில் பாதியைக் கொட்டினார்கள். உப்பில்லாத தக்காளி விழுது ஊற்றி, ஓர் ஆப்பிளைத் துருவிப் போட்டுக் கொதிக்கவிட்டார்கள். இவள் கிளற, அவர் கரண்டி நுனியில் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னும் புளிப்பு வேணும்." "ம்ஹூம், இப்ப கடிக்குது." "போன தடவை ஒரு சுருக் இருந்துச்சே, அது எங்க?" பாராட்டியே அறியாத இந்த மனுஷி இவள் சாசேஜின் ருசியை அணு அணுவாக ஞாபகம் வைத்திருந்தார். இவள் கிளறுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

சாஸ் கெட்டியாகிக்கொண்டிருந்தபோது மேம்பாலத்தில் நடந்ததையும் சொன்னாள். நாத்தனாரின் முகம் இறுகியது.

"பஸ் ஓட்டறவளுக்குப் புகை வாசனை தெரியலன்னா விளையாட்டா? நாளைக்குப் போனதும் டிப்போல சொல்லிடு."

"உட்கார வெச்சிடுவாங்க அண்ணி." அவள் ஜன்னல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். "நான் உட்கார்ந்தா பைத்தியம் பிடிச்சிரும். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். இருபது பேர் இருக்கற வீட்ல உன்னோட காலடிச் சத்தத்தை மட்டும் தனியா கண்டுபிடிச்சிருவேன்." கரண்டியை வாங்கி அவரே கிளறினார். "உன் பின்னாடி ஒரு பஸ் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கு. நீ கொஞ்ச நாள் உட்காரேன். பைத்தியம் பிடிச்சா எனக்குப் போன் பண்ணு. நான் வந்து திட்டறேன்."

இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைசிக் கரண்டியை நக்கிவிட்டு நாத்தனாரே சாசேஜை மறுபடி சாஸில் போட்டுப் புரட்டினார். ஒரு துண்டை வாயில் போட்டார், உடனே இன்னொன்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். அது போதும் என்று இவளுக்குப் புரிந்தது.

பார்ட்டியில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு சுற்றினாள். கூட்டம் மொய்த்தது. தையல்காரம்மா யாருக்கும் தெரியாமல் கைக்குட்டையில் நாலைந்து துண்டு சுருட்டிக்கொண்டார். தட்டு காலியானது. அவளும் ஒன்றை வாயில் போட்டாள். சூடாக இருந்தது, மொறுமொறுப்பாக இருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. அன்றைக்கே கணவரிடமும் சொல்லிவிட்டாள். "அக்கா கிட்ட சொன்னியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

டிப்போவில் சொன்னதும் மேலதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். மேம்பாலத்துச் சங்கதியை அன்றே ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார். பிறகு விசாரணைக் கவுன்ட்டரில் போட்டார். கண்ணாடிக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், எந்த பஸ் எப்போது வரும் என்று சொல்லுகிற வேலை. முதல் வாரத்திலேயே நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றுகொண்டே பதில் சொன்னாள். தினமும் நாத்தனாருக்குப் போன் போட்டாள். அவர் தவறாமல் திட்டினார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் கண்டக்டர் ஒருவர் கவுன்ட்டருக்குள் வந்து, நனைந்த சாக்ஸைக் கழற்றி மின்விசிறிக்கு நேராகக் காயப்போட்டார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்றே உறைத்தது. கையை எடுத்துவிட்டு ஆழமாக மூச்சை இழுத்தாள். கண்டக்டர் பயந்துபோய்ப் பார்த்தார்.

"அண்ணி!" என்று போனில் கத்தினாள். "நாறுது!"

"என்ன நாறுது?"

"சாக்ஸ் அண்ணி! ஈர சாக்ஸ்!"

மறுமுனையில் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நல்லா மோந்து பாத்தியா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை. "போய் இன்னொரு தடவை மோந்து பாரு. நான் லைன்லயே இருக்கேன்."