எலுமிச்சைக்கு இரண்டு கை உப்பு

ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிய பங்குனியில், நானும் என் கணவரும் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு திருத்தணியில் வந்து இறங்கினோம். மலையடியில் ஒரு வீட்டின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று இப்போது சுலபமாகச் சொல்கிறேன். அந்த மாதம் மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஆள் போட்டி.

முன்கட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "கெணத்தாண்ட எலுமிச்ச மரம் கீது பாரு, அதும் மேல யாரும் கை வைக்கக் கூடாது. வருசா வருசம் ஆடிக் கிருத்திகைக்கு நான் காவடி எடுக்கறப்ப, வேல் முனையில சொருவற பழம் அந்த மரத்துதுதான்."

நான் கை வைக்கவில்லை. வாயை வைத்தேன். சென்னையில் எனக்கு இருந்த தோட்டம் மாடியில் மூன்று தகர டப்பா: ஒன்றில் துளசி, ஒன்றில் கனகாம்பரம், ஒன்றில் செத்துப்போன ரோஜா. தரையில் வேர்விட்ட மரத்தைப் பார்த்ததும் பரவசமாகி, "அம்மாடி, எவ்ளோ காயி! எண்ணவே முடியாது போலருக்கே அத்தே!" என்று கூவிவிட்டேன். அத்தையின் முகம் சுருங்கியது. எனக்கு ஏன் என்று அப்போது புரியவில்லை.

ஒரு மாதத்தில் இலைகளின் நுனி பழுப்பாயிற்று. பிறகு ஓரமெல்லாம் தீயில் வாட்டியதைப்போல் கருகியது. பிஞ்சுகள் உதிர்ந்தன.

அந்தத் தெருவில் கிணற்றடிப் பேச்சில் யுத்தத்துக்கு அடுத்தபடி இலைதான். ஆளுக்கொரு இலையைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். கறிவேப்பிலை ஏன் மஞ்சளாகுது? புளித்த மோர் ஊற்று. முருங்கை இலையெல்லாம் கொட்டுதே? மழை மூட்டம் போட்டால் அது அப்படித்தான், விடு. மல்லிகை இலையில் பூச்சி? சாம்பல் தூவு. மூன்று டப்பா அனுபவத்தை வைத்துக்கொண்டு நானும் கூச்சமில்லாமல் வைத்தியம் சொன்னேன். எங்கள் எலுமிச்சைக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. மண்ணைக் குறை சொல்லவும் வழியில்லை. நாலடி தள்ளி அதே மண்ணில் நின்ற தென்னை பச்சைப் பசேலென்று எங்களைக் கேலி செய்துகொண்டிருந்தது. மோர் ஊற்றினோம், சாம்பல் தூவினோம், வேப்பம் பிண்ணாக்கு வைத்தோம். இலை கருகிக்கொண்டே போயிற்று.

வைகாசியில் ஒருநாள் அத்தை பின்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்க குடி வந்த நாள்லருந்துதாம்மா இப்பிடி. சொல்றதுக்கு சங்கடமாத்தான் கீது. ஆடிக்குள்ள மரம் தெளியலன்னா நீங்க வேற வூடு பாத்துக்கோங்க."

என் கணவர் காலை ரயிலில் சென்னை ஆபீசுக்குப் போய் இரவில் திரும்புகிறவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "மரம் வாடினா நாம காலி பண்ணணுமா? இன்னா நியாயம் இது?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எனக்கு நாலாம் மாதம். மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தக் கொட்டகை தேடிப் போவது? பயமாக இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

கண் பட்டிருக்கிறது, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அது என் கண் இல்லை, தினமும் மரத்தடியில் நின்று புலம்புகிற அத்தையின் வாய்தான் என்று முடிவு கட்டினேன். காலையில் அவர் மலைக்குக் கும்பிடப் போனதும், ஒரு கை கல்லுப்பை எடுத்து மரத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றுவேன். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கால்படாத இடத்தில் ஊற்ற வேண்டும் அல்லவா? அந்தக் கொல்லையில் கால்படாத இடம் ஒன்றே ஒன்று: செங்கல் வளையம் கட்டிய எலுமிச்சைப் பாத்தி. அங்கேயே ஊற்றினேன். இலை மேலும் கருகியது. வாய் அவ்வளவு பொல்லாதது என்று இன்னொரு கை சேர்த்தேன்.

வண்டியில் உப்பு விற்க வருகிறவர் ஒருநாள் படியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, முன்னூட்டம்மாவும் படி படியா வாங்கறாங்க, நீயும் வாங்கற. ஊறுகா போடறீங்களா?"

"உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? அளந்து போட்டுப் போ" என்று எரிந்து விழுந்தேன்.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் மசக்கை படுத்தியதால் சுற்ற முடியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் உப்போடு கொல்லைக்குப் போனேன். மரத்தடியில் அத்தை நின்றிருந்தார், வலது கையை மூடிக்கொண்டு. நான் என் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இன்னா கையில?" என்றார்.

"உங்க கையில இன்னா அத்தே?"

இருவரும் விரித்தோம். இரண்டிலும் உப்பு.

"தெனமுமா சுத்தறீங்க?"

"ஆங், நீ வந்து கூவுன நாள்லருந்து சுத்தி, இந்தப் பாத்திலதான் ஊத்தறேன். உன் கண்ணுக்குத்தான், வேற எதுக்கு? நீ?"

"உங்க வாய்க்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அத்தை என்னை முறைத்தார். எனக்கோ உப்புக்காரர் கேட்டது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குனிந்து பாத்தி மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கில் வைத்தேன். துப்பினேன். "அத்தே, ஊறுகாதான் போட்டுகினு இருக்கோம். மரத்தோட!"

அவரும் கிள்ளி வாயில் போட்டார். முகம் அஷ்டகோணலாயிற்று. பிறகு கிணற்று மேடையில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "உப்ப துன்னுட்டுதான் இந்தத் தென்ன இந்த ஆட்டம் ஆடுது!" என்றார்.

மறுநாளே பாத்தி மண்ணை வெட்டித் தென்னையின் காலடியில் கொட்டினோம். ஆற்று வண்டல் கொண்டுவந்து நிரப்பினோம். நாள் தவறாமல் குடம் குடமாக நல்ல தண்ணீர் விட்டோம். விட்டோம் என்பது பெருமைக்குச் சொல்வது. "வவுத்த வச்சிகினு கயிற தொடாதே" என்று என்னை ஓரமாக உட்காரவைத்து, அத்தையே இறைத்தார்.

ஆடி பிறந்ததும் துளிர் வந்தது. காலி பண்ணுகிற பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிருத்திகையன்று விடியலில் மரத்தில் தப்பியிருந்தது ஒரே ஒரு பழம். அத்தை மஞ்சள் புடவையோடு அதனடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "வந்து நீயே பறி."

கார்த்திகையில் என் மகன் பிறந்தான். குண்டுப் பயம் ஓய்ந்து அடுத்த சித்திரையில் நாங்கள் சென்னைக்குக் கிளம்பினோம். வாசலில் வண்டி நிற்கும்போது அத்தை ஒரு கை உப்போடு வந்து, குழந்தையையும் என்னையும் சேர்த்து நிற்கவைத்து மூன்று சுற்றுச் சுற்றினார். உப்பைக் கரைத்த சொம்போடு விறுவிறுவென்று கொல்லைக்குப் போனவர், பழக்கத்தில் நேரே எலுமிச்சைப் பாத்திக்குப் போய்ச் சொம்பைச் சாய்க்கப் பார்த்தார்.

"அத்தே!" என்று, திறந்திருந்த நடை வழியே பார்த்த நான் வாசலிலிருந்தே கத்தினேன்.

அவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். நாலடி நடந்து, தென்னையின் காலடியில் ஊற்றிவிட்டு, அங்கேயே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.